படகில் இருக்க ஓர் ஆள்

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் தமிழர் யாராவது ஒரு பெரிய பொருள் வாங்குவதென்றால், கடைக்குப் போவதற்கு முன் மரியரட்ணத்தின் தொலைபேசி அடிக்கும். சலவை இயந்திரமோ, பழைய காரோ, கொழும்புக்கு விமானச் சீட்டோ, எதுவானாலும் சரி. "அண்ணை, இதிலை எது வாசி, எது வாங்கினால் லாபம்?" என்று கேட்பார்கள். மரியரட்ணம் உடனே வாய் திறக்க மாட்டார். "ஒரு கிழமை தாங்கோ" என்பார். அந்த ஏழு நாளும் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு, கடைக்காரர்களின் சலுகைத் தாள்களையும் கணினியையும் மாறி மாறிப் பார்ப்பார். நித்தியானந்தன் என்ற ஒருவர் அவரைக் கேட்காமல் ஒரு சோபா வாங்கிவிட்டார். அதைப் பற்றி மரியரட்ணம் இன்றைக்கும் கதைப்பதுண்டு. கோபமாக இல்லை, செத்த வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில்.

இந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. கணக்கின் முடிவு தனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அதை மாற்றிச் சொல்ல மாட்டார். ஒருமுறை தனக்கே கார் வாங்க வேண்டி வந்தது. அவருக்கு ஆசை ஒரு கறுப்புக் கார் மீது. ஒரு கிழமை கணக்குப் பார்த்ததில் வாசியானது கடுகு நிறத்தில் நின்ற வேறொரு கார். அதையே வாங்கி, பத்து வருடமாக அதிலேயே கோயிலுக்குப் போய் வந்தார். கறுப்புக் கார் எதிரே வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மன்னாரில் பிறந்தவர் என்றால் கடலில் மீன் மாதிரி நீந்துவார் என்று டேனிஷ்காரர்கள் நினைக்கிறார்கள். மரியரட்ணத்துக்கும் கடலுக்கும் இருந்தது பக்கத்து வீட்டுக்காரர் உறவு. கண்டால் சிரிப்பார், உள்ளே போக மாட்டார். அவருடைய தகப்பன் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். முழங்காலுக்கு மேல் உப்புத் தண்ணீர் பட்டதாக மரியரட்ணத்துக்கு நினைவே இல்லை. ஜெர்மனிக்குப் போகிற பெரிய கப்பலில்கூட, சத்தி வந்துவிடும் என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மருதமடு மாதாவைக் கூப்பிடுகிற ஆள் அவர்.

அவருடைய மனைவி பவளராணி வேறு வார்ப்பு. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. நாள் முழுக்கப் பிறருடைய அறைகளுக்குள் போய் வருகிற வேலை என்றாலும் அவளுக்கு அது போதவில்லை. இந்த நாட்டில் பாதி வீடுகளுக்குத் திரைச்சீலை கிடையாது. மாலையில் இருவரும் நடக்கப் போனால் ஒவ்வொரு யன்னலுக்கும் அவளுடைய நடை தளரும். "அந்த விளக்கைப் பாருங்கோ. அந்தக் குசினியிலை எவ்வளவு வெளிச்சம் பாருங்கோ." மரியரட்ணம் தனக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நாலடி முன்னால் நடப்பார்.

முழங்கால் நோவுக்கு நீந்தச் சொல்லி வைத்தியர் அனுப்பிய இடத்தில்தான் விஷயம் கை மீறியது. அந்த நீச்சல் தடாகத்தின் மறு கரையில் செவ்வாய்க்கிழமைகளில் சுழியோடிகளின் சங்கம் ஒன்று பயிற்சி செய்தது. முதுகில் சிலிண்டரோடு தண்ணீருக்கடியில் ஊர்ந்து போகிறவர்களைப் பவளராணி வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஹென்னிங் என்ற நரைத்த தாடிக்காரர், சங்கத்தின் தலைவர், தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கி, "பார்ப்பதற்கும் காசு இல்லை, ஒருமுறை போட்டுப் பார்ப்பதற்கும் காசு இல்லை" என்றார். ஐம்பது தாண்டிய ஒரு மனுசி, பிள்ளைகள் இரண்டையும் கரை சேர்த்தவள், அன்றைக்கே முகமூடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

இதுவும் அவளுடைய யோகா மாதிரி இரண்டு கிழமையில் முடிந்துவிடும் என்று மரியரட்ணம் இருந்தார். முடியவில்லை. அவள் சான்றிதழ் எடுத்தாள். குளிர் நீருக்கான தடித்த உடை தேவைப்பட்டபோது புதிதாக வாங்கப் போனாள். முழு விலை கொடுத்து ஒரு சாமான் தன் வீட்டுக்குள் வருவதை மரியரட்ணத்தால் தாங்க முடியாது. ஓர்ஹூஸ் பக்கம் யாரோ ஒருத்தி இரண்டே முறை போட்டு விற்கிற உடையை அவரே தேடிப் பிடித்து, கடுகு நிறக் காரில் போய் வாங்கி வந்தார். மனைவி கடலுக்குள் போகக் கூடாது என்று விரும்பிய மனிதர், போவதற்கான உடையை அரை விலையில் வாங்கிக் கொடுத்தார். அவரைத் திருத்த முடியாது.

குளிர்காலத்தில் சங்கத்தில் படம் காட்டினார்கள். ஃபூன் தீவுக்குக் கிழக்கே, பெரிய நீரிணையின் அடியில், எப்போதோ மூழ்கிய ஒரு சின்னச் சரக்குக் கப்பல். அன்று வீட்டுக்கு வந்த பவளராணியின் முகத்தில் ஒரு பரபரப்பு.

"கடலுக்கு அடியிலை ஒரு குசினி இருக்குதப்பா. அடுப்பு இன்னும் அப்பிடியே நிக்குது. பக்கத்திலை மீன் நிண்டு பாக்குது."

"எங்கடை குசினியிலையும் அடுப்பு நிக்குது. மீனும் சட்டிக்குள்ளை கிடக்குது."

"பகிடி விடாதேங்கோ. எனக்கு அதைப் பாக்க வேணும்." பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். முப்பது வருடம் கூட இருந்தவளுக்குத்தான் அப்படித் தோன்றும். "எப்பிடிப் போறது வாசி எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

மரியரட்ணத்துக்கு உள்ளூரச் சந்தோசம். எந்த வழியும் கட்டுப்படியாகாது என்று கணக்கோடு காட்டிவிட்டால் கதை முடிந்தது. அவள் வருத்தப்படுவாள், ஆனால் கோபிக்க முடியாது. "ஒரு கிழமை தா" என்றார்.

முதலில் பார்த்தது யூலாந்தின் மேற்குக் கரையிலிருந்து புறப்படும் பெரிய கப்பலை. படுக்கை, சூடான சாப்பாடு, சிலிண்டருக்குக் காற்று நிரப்புகிற இயந்திரம், எல்லாம் உள்ளேயே. ஒரு கிழமை வட கடலில் நின்று, மூழ்கிய கப்பல்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். மரியரட்ணம் விலையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்தக் காசுக்கு இருவரும் ஊருக்குப் போய், சொந்தக்காரர் எல்லோருக்கும் சாமான் கொடுத்துவிட்டு வரலாம். அதோடு, ராணியின் குசினி இருக்கிற பக்கமே அந்தக் கப்பல் போகாது. சந்தோசமாக அதை வெட்டிவிட்டார்.

அடுத்தது தூண்டில்காரர்களை ஏற்றிப் போகிற படகு. சனிக்கிழமைகளில் கொட் மீன் பிடிக்க ஆட்களைக் கொண்டு போகும். பன்னிரண்டு சுழியோடிகள் சேர்ந்து வந்தால் அவர்களையும் கொண்டு போவார்கள். பங்கு போட்டால் பரவாயில்லாத விலை. ஆனால் மூன்று பேர் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று நின்றுவிட்டால் அவர்களுடைய பங்கும் மற்றவர்களின் தலையில். காற்று எழும்பினால் முற்பணம் போனது போனதுதான். மரியரட்ணம் அந்தப் படகுக்காரரோடு இரண்டு தரம் கதைத்தார். நல்ல மனிதர்தான். காற்றுக்கு அவரால் பொறுப்பு நிற்க முடியவில்லை.

மூன்றாவதாக, சங்கத்தில் ஒருவர் தன் பழைய பைபர் படகை விற்க நின்றார், நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். மரியரட்ணம் ஒரு பண்ணைக் கொட்டகைக்குள் போய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், முதுகில் தட்டியும் பார்த்தார். வாங்குகிற விலை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு இயந்திரம், இழுத்துப் போகிற வண்டி, காப்புறுதி, குளிர்காலத்தில் நிறுத்துகிற இடம் என்று அது தின்னத் தொடங்கும். பிள்ளை பெறுவது மாதிரி, பெறுகிற செலவு சின்னது. அதையும் வெட்டினார்.

கடைசியில் மிஞ்சியது சங்கத்தின் சொந்த ரப்பர் படகு. ஹென்னிங்குக்குத் தொலைபேசி எடுத்தார். பெற்றோல் காசைப் பிரித்துக் கொடுத்தால் போதும், வேறொன்றும் இல்லை. நல்ல இயந்திரம், கெட்டெமின்னே துறைமுகத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரு மணிநேர ஓட்டம்.

"பிறகேன் நீங்கள் அதில் போகவில்லை?" என்று மரியரட்ணம் டேனிஷில் கேட்டார். எங்கேயோ ஓட்டை இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஹென்னிங் பெருமூச்சு விட்டார். சுழியோடிகள் கீழே இருக்கிற வரை, படகு ஓட்டுகிற அனுமதிப் பத்திரத்தோடு ஒருவர் மேலே படகில் இருந்தாக வேண்டும். அது சங்கத்தின் விதி. சங்கத்தில் எல்லோருக்கும் கீழே போகத்தான் ஆசை. சும்மா மேலே குந்தியிருக்க ஒருவரும் வருகிறார்கள் இல்லை. அதனால் படகு வருடம் முழுக்கத் தார்ப்பாய்க்குக் கீழே தூங்குகிறது.

அன்றிரவு மரியரட்ணம் மேசையில் வெகு நேரம் இருந்தார். கணக்கு எத்தனை முறை போட்டாலும் ஒரே முடிவுதான் வந்தது. சம்பளம் கேட்காத, சுழியோட ஆசையில்லாத, சனிக்கிழமையில் வேலையில்லாத ஓர் ஆள் கிடைத்தால், இதைவிட மலிவான வழி டென்மார்க்கிலேயே கிடையாது. பவளராணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"எல்லாம் சரி வருது. ஒரு ஆள்தான் குறையுது" என்றார்.

"ஆர் அந்த ஆள் எண்டும் கண்டுபிடிச்சியளோ?" அவள் அவருடைய முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டன்."

"நல்ல ஆளோ?"

"சத்தி எடுக்கிற ஆள்" என்றார் மரியரட்ணம். "ஒரு தரந்தான் வருவன். சொல்லிப்போட்டன்."

அவள் சிரித்தாளா, கண் கலங்கினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வசந்தம் முழுக்க அவர் படகுப் பாடம் படித்தார். துறைமுக வாயிலில் எந்த நிற விளக்கு எந்தப் பக்கம், வானொலியில் உதவி கேட்பது எப்படி, எந்த முடிச்சு இறுகும், எது வழுகும். கொப்பன்ஹேகனில் இருக்கிற மகன் ஜோனாஸ் செய்தி கேள்விப்பட்டுத் தொலைபேசியில் டேனிஷில் வெகு நேரம் சிரித்தான், பிறகு தகப்பனுக்கு நல்லதாய் ஒரு மிதப்பு அங்கி வாங்கி அனுப்பினான். அதை எங்கே, என்ன விலைக்கு வாங்கினாய் என்று மரியரட்ணம் கேட்டார். அவன் சொல்லவில்லை. பரீட்சையில் பரிசோதகரின் கண் முன்னாலேயே அவர் படகின் ஓரத்தால் எட்டிச் சத்தி எடுத்தார். ஆனால் படகை அணைகரையில் பூப்போலக் கொண்டுபோய் ஒட்டினார். பத்திரம் கிடைத்தது.

யூன் மாதச் சனிக்கிழமை ஒன்று காற்றில்லாமல் விடிந்தது. படகில் ஐந்து பேர். ஹென்னிங்கும் அவருடைய கூட்டாளியும் ஒரு சோடி. பவளராணியும் சீனே என்ற இளம் ஆசிரியையும் மற்றச் சோடி. சுக்கானில் மரியரட்ணம், வாயில் இஞ்சித் துண்டு. கப்பல் கிடக்கிற இடத்தில் ஹென்னிங் மிதவையைக் கயிற்றோடு இறக்கினார். மரியரட்ணம் இயந்திரத்தை நிறுத்தினார். படகு மெல்ல ஏறி இறங்கியது, அவருடைய வயிறும் அப்படியே.

மேலே இருப்பவருக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. சுழியோடிகள் தண்ணீரில் விழுவதற்கு முன், சோடிக்குத் தலைமை தாங்குகிறவரிடம் வாய் விட்டுக் கேட்க வேண்டும்: எங்கே போகிறீர்கள், எவ்வளவு ஆழம், எத்தனை மணிக்கு மேலே வருவீர்கள். பதிலைச் சுக்கானுக்குப் பக்கத்தில் தொங்குகிற வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். சொன்ன நேரம் தாண்டினால் மீட்புப் படையைக் கூப்பிட வேண்டும். ஹென்னிங்கிடம் மரியரட்ணம் எல்லாம் முறையாகக் கேட்டார், எழுதினார். அவர்கள் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்கள்.

அடுத்தது பவளராணி. அன்றைக்குச் சோடிக்கு அவள்தான் தலைவி. படகின் விளிம்பில் கால் தூக்கி உட்கார்ந்திருந்தாள். மரியரட்ணம் முகமூடியை எடுத்துக் கொடுத்தார். தோள் வாரை இழுத்துப் பார்த்தார். "கவனம்" என்றார் தமிழில். "ஓம்" என்றாள் அவள். விழுந்தாள். சீனேயும் விழுந்தாள்.

அவ்வளவுதான். அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். வெளிக்கிட்டுப் போகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் தடக்குப்படும், போகிறவருக்கு ஆகாது. கட்டாயம் அறிய வேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்கலாம், அதற்கு மேலே இல்லை. பங்குத்தந்தை இதை மூடநம்பிக்கை என்று ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னபோது மரியரட்ணமும் தலையாட்டினார். ஆனால் பவளராணி இரவு வேலைக்குப் போனபோதும், பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டபோதும், பித்தப்பை வெட்ட அவளைத் தள்ளுவண்டியில் கொண்டு போனபோதும், எப்போது வருவாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. வேட்டி உடுக்கத் தெரிகிற மாதிரி அது உடம்போடு வந்தது. ஹென்னிங்கிடம் கேட்க முடிந்தது, அது டேனிஷ், அது வேலை. இது ராணி.

சீனே நினைத்தாள், கணவனும் மனைவியும் தமிழில் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள் என்று.

ஹென்னிங் சோடி சொன்ன நேரத்திலேயே தண்ணீருக்கு வெளியே வந்தது. ஹென்னிங் படகில் ஏறி, சிலிண்டரைக் கழற்றி, ஒரு கோப்பி ஊற்றிக்கொண்டு பலகையைப் பார்த்தார். மேல் வரியில் எல்லாம் இருந்தது. கீழ் வரியில் இரண்டு பெயர்கள் மட்டும்.

"இவர்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள்?"

மரியரட்ணம் பலகையைப் பார்த்தார். தான் என்ன செய்யாமல் விட்டார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இஞ்சித் துண்டை விழுங்கிவிட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

ஹென்னிங் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நல்லது என்று மரியரட்ணத்துக்கு இருந்தது. சிலிண்டரில் இன்னும் காற்று இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார் ஹென்னிங். எவ்வளவு நேரத்துக்கு என்று மரியரட்ணம் கேட்டார். அதுதான் தெரியவில்லை என்றார். நீரோட்டம் தொடங்கியிருந்தது, மிதவை ஒரு பக்கமாகச் சரிந்து இழுபட்டது. வானொலியின் ஒலிவாங்கி மரியரட்ணத்தின் கையில் இருந்தது. முந்திக் கூப்பிட்டால் சுகமாக இருக்கிற இரண்டு பேருக்காக ஹெலிகொப்டர் வரும். பிந்திக் கூப்பிட்டால் என்ன வரும் என்று நினைக்க அவரால் முடியவில்லை. எந்த நேரத்திலிருந்து பிந்துகிறது என்று எண்ணுவது? எண்ணத் தொடங்க அவரிடம் ஓர் இலக்கம் இல்லை. ஊரெல்லாம் கணக்குக் கேட்டு வருகிற மனிதரிடம் ஓர் இலக்கம் இல்லை.

அவருக்குப் பயம் வந்தது. இப்படியொரு பயம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. எல்லா யன்னலுக்கும் நின்று பார்க்கிறவள் அவள். அந்தக் குசினிக்கு முன்னால் நேரத்தை மறந்து நிற்கிறாளோ? அவர் மருதமடு மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தார். எது வாசி என்று பார்க்காமல், இருப்பதிலேயே பெரிய திரியாக நேர்ந்தார்.

"அங்கே" என்றார் ஹென்னிங்.

படகுக்குப் பின்னால், நீரோட்டம் இழுக்கிற பக்கம், செம்மஞ்சள் நிறத்தில் நீளமான அடையாள மிதவை ஒன்று நிமிர்ந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு தலைகள். மரியரட்ணம் இயந்திரத்தை இயக்கிப் படகை எப்படித் திருப்பினார் என்று பிறகு அவருக்கே நினைவில்லை. பவளராணியைத் தோள் வாரில் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டார்.

"கப்பலைச் சுத்திப் பாத்திட்டமப்பா. குசினிக் கதவு திறந்து கிடக்குது. எட்டிப் பாக்க நேரம் காணாமல் போச்சு, நான் நினைச்ச நேரத்துக்கே வெளிக்கிட்டு வந்திட்டன்..." என்று சொல்லிக்கொண்டே முகமூடியைக் கழற்றியவள், அவருடைய முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

எல்லோரும் கோப்பி குடித்து முடியும் வரை ஹென்னிங் பொறுத்தார். பிறகு, நல்ல மனிதர் கெட்ட செய்தி சொல்கிற மாதிரி படகின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மேலே இருப்பவர் கேட்காமல் ஒருவரும் கீழே போகக் கூடாது. பின்னேரம் இரண்டாம் தரம் இறங்கும்போது, வேண்டுமானால் தான் மேலே இருப்பதாகச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன்னால் அப்படி இருக்க முடியாது.

அதன் பொருள் பவளராணிக்கு விளங்கியது. படகு மறுபடி தார்ப்பாய்க்குக் கீழே. குசினி படத்தில் மட்டும்.

"என்னிடம் கேட்டீர்களே, அவளிடம் ஏன் கேட்கவில்லை?" என்றார் ஹென்னிங்.

"எங்களுடைய வழக்கம்" என்றார் மரியரட்ணம். "புறப்பட்டுப் போகிறவரைக் கேட்கக் கூடாது."

"ஏன்?"

"அவர் திரும்பி வரவேண்டும் என்பதற்காக."

ஹென்னிங் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "நாங்கள் கேட்பதும் அதற்காகத்தான்" என்றார்.

மத்தியானம் திரும்பியது. நீரோட்டம் அடங்கியபோது எல்லோரும் மறுபடி வாரைக் கட்டினார்கள். பவளராணி கணவருக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்சருங்கோ, என்னட்டைக் கேக்காதேங்கோ. நானே போய் அந்தப் பலகையிலை எழுதிவிடுறன்."

"விதி அப்பிடி இல்லை. நான் வாயாலை கேக்க வேணும்."

"கேட்டால் எனக்குக் கால் எழும்பாது. சும்மா சொல்லேல்லை."

அவள் சும்மா சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்கும் நாக்கு எழும்பவில்லை. ஹென்னிங்கிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு, இவளை இன்றைக்கு மட்டும் குசினியைப் பார்க்க விட்டு, இந்தக் கதையை இத்தோடு முடித்துவிடலாம். அதுதான் லேசான வழி. காலையில் அந்தப் பலகைக்கு முன்னால் நின்ற நிலை அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த வெறும் வரி.

"ராணி, சொல்லுறதைக் கேள்" என்றார். "வெளிக்கிடேக்கை ஆரும் எங்கை எண்டு கேட்டுப்போட்டால் எங்கடை வீடுகளிலை என்ன செய்யிறவை?"

அவள் யோசித்தாள். "திரும்பி உள்ளை வந்து, இருந்து, தண்ணி குடிச்சிட்டு, பிறகு புதிசா வெளிக்கிடுறது."

"அப்ப அதைச் செய். நான் கேக்கிறன். நீ இரு, தண்ணி குடி, பிறகு போ."

இதை ஹென்னிங்குக்கு அவர் விளக்கவில்லை. பவளராணி விளிம்பில் உட்கார்ந்தாள். மரியரட்ணம் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு அவளுக்கு நேரே நின்றார். ஒருமுறை செருமினார்.

"எங்கை போறாய், ராணி?"

"குசினிக்கு" என்றாள்.

சீனேக்குத் தமிழ் தெரியாது, ஆனால் இருவரும் சிரித்ததைக் கண்டு அவளும் சிரித்தாள்.

"எவ்வளவு ஆழம்?"

"பதினெட்டு மீற்றர்."

"எத்தினை மணிக்கு வருவாய்?"

அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மூண்டு மணிக்கு. மூண்டு மணிக்கு வந்திடுவனப்பா" என்றாள். அவளுடைய கண்ணில் தண்ணீர். முகமூடி போடுவதற்கு முன் அதைத் துடைக்க வேண்டியிருந்தது.

அவர் எழுதினார். இலக்கம் கோணலாக விழுந்தது. அவள் விளிம்பை விட்டு எழும்பி, உள்ளே வந்து, படகின் நடுப்பலகையில் உட்கார்ந்தாள். அவர் போத்தலைத் திறந்து கொடுத்தார். இரண்டு மிடறு குடித்தாள். இதுவும் பாதுகாப்பு விதிகளில் ஒன்று என்று நினைத்த சீனே, தானும் வந்து பக்கத்தில் இருந்து மரியாதையாகத் தண்ணீர் குடித்தாள். ஹென்னிங்கும் போத்தலுக்குக் கை நீட்டினார்.

பிறகு எல்லோரும் போனார்கள். மரியரட்ணம் தனியே இருந்தார். கடல் ஏற்றி இறக்கியது, வயிறு புரட்டியது. ஆனால் காலையில் இருந்த அந்தப் பயம் இல்லை. இத்தனை வருடமாக அவர் அவளுக்காகக் காத்திருந்ததெல்லாம் எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு. அவள் வீட்டுக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்கும் வரை நித்திரை வராது, அதை அவளிடம் சொன்னதும் இல்லை. இன்றைக்கு அவள் தன் வாயால் ஒரு நேரம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அது பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் அவர் ஒரே ஒரு தரம்தான் படகின் ஓரத்துக்கு எட்டிப் போக வேண்டி வந்தது.

மூன்று மணிக்கு இன்னும் நல்ல நேரம் இருந்தது. படகுக்குப் பக்கத்தில், மிதவைக் கயிற்றோடு ஒட்டியபடி, குமிழிகள் வந்தன. பிறகு பவளராணியின் தலை. அவளுக்குப் பின்னால் சீனே.

மரியரட்ணம் பதறிப்போய்க் குனிந்தார். "என்ன? ஏதும் பிழைச்சுப் போச்சோ?"

"ஒண்டும் பிழைக்கேல்லை." அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "அடுப்பைப் பாத்தன். கேத்தில் ஒண்டும் கிடக்குது. அங்காலை ஒரு அலுமாரி, அதின்ரை கதவு பாதி திறந்தபடி. அதுக்குள்ளை எட்டிப் பாக்கேல்லை."

"ஏன்? நேரம் கிடந்ததே."

"நீங்கள் மேலை இருந்து மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டிருப்பியள் எண்டு நினைவு வந்திட்டுது. வந்திட்டன்."

எந்த வீட்டு யன்னலையும் பாதியில் விட்டு வந்தவள் இல்லை அவள். மரியரட்ணம் அவளுடைய சிலிண்டரை வாங்கி உள்ளே வைத்தார். இரண்டு கையையும் பிடித்து அவளைப் படகில் ஏற்றினார். ஈரம் சொட்டச் சொட்ட அவள் நடுப்பலகையில் இருந்ததும், போத்தலில் மிச்சம் இருந்த தண்ணீரைக் கொடுத்தார்.

"அலுமாரியை அடுத்த சனிக்கிழமை பார்" என்றார். "அவசரப்படாமல் பார். நான் மேலை இருக்கிறன்."